கோரம்

எங்கள் சங்க விதிகளில்
பதினோராம் பிரிவு, இ உட்பிரிவு:
இருபத்தொருவர் இருந்தால்தான் கூட்டம்.
இருபது பேர் என்றால்
அது வெறும் அறை.
சூடேற்றி உறுமும்,
டோனட் பெட்டி திறந்து கிடக்கும்.

சாஸ்கட்டூன். ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
வண்டிகள் மூக்கில் வயர் செருகி
மின்கம்பத்தோடு நிற்கின்றன, எஞ்சின் உறையாதிருக்க.
பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில்
வரைபட அலமாரிகளை ஒட்டி
நாங்கள் தலை எண்ணுகிறோம்.
தலைவர் டிர்க் பென்னர் ஒருமுறை.
பொருளாளர் ஒருமுறை, தன்னை விட்டுவிட்டு,
பிறகு சேர்த்துக்கொண்டு.
செயலாளர் நான், பென்சில் முனையால்.
எப்படி எண்ணினாலும் இருபது.

விதிகள் குழுவின் கோரீன் ஃப்ரீசன்
பதினாறு பக்கத் திருத்தத்தோடு வந்திருக்கிறார்.
நான்காம் பொருள்:
ஒப்பந்த நூலகர் குறைகேட்புக் குழுவைக் கலைத்து
நலக் குழுவோடு இணைப்பது.
காரணம், மூன்று ஆண்டாக
அதில் ஒரே ஓர் உறுப்பினர்.

லூபா ஹ்னாத்யுக்.
மாதந்தோறும் அறிக்கை அனுப்புவார்:
'குழு கூடியது. அனைவரும் வந்திருந்தனர்.'
படித்துச் சிரித்திருக்கிறேன்.
அந்த வரிக்குக் கீழே இருந்தவற்றைக்
கோப்பில் வைத்தேன், அவ்வளவுதான்.
எட்டு மாத ஒப்பந்தம். நான்கு மாத ஒப்பந்தம்.
கோடையில் சம்பளமில்லை.
நோயெல் லாவலே, பட்டியல் பிரிவு,
பல்லுக்குக் காப்பீடு இல்லை,
ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் தட்டச்சு செய்கிறார்.

ஏழாம் பொருள் அவர்களுக்கான இடர்கால நிதி.
இன்று கூட்டம் இல்லையென்றால் அடுத்தது மே.
நோயெலின் ஒப்பந்தம் பிப்ரவரி வரை.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால்
லூபா நிற்பது தெரிகிறது.
பனிக்காலணியைக் கழற்றவில்லை.
உள்ளே வந்தால்
தன் குழுவைக் கலைக்கத்
தானே இருபத்தொன்றாவது தலை.
வராவிட்டால் நிதியும் இல்லை.
கோரம் என்பதை அன்றுவரை
ஓர் எண் என்றே நினைத்திருந்தேன்.
அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

6.52. வந்தார்.
நேரத்தைக் குறித்தேன்.
உட்காரவில்லை. நின்றபடியே
'நிரலில் ஒரு மாற்றம்.
ஏழை நான்குக்கு முன்னால் வையுங்கள்.'

வழிமொழிய யாருமில்லாத சில நொடிகள்.
பிறகு வேளாண் நூலகத்திலிருந்து வந்த பையன்
வாய் நிறைய டோனட்டோடு கை தூக்கினான்.
பன்னிரண்டுக்கு எட்டு.
நிதி, பதினான்குக்கு ஆறு.
நாலாயிரத்து அறுநூறு டாலர்.
பெரிய தொகையில்லை. ஒரு தாடைக்குப் போதும்.

இனி நான்கு.
கோரீன் பக்கம் புரட்டித் தொண்டையைச் செருமினார்.
லூபா தொப்பியை எடுத்து மாட்டினார்.
இடது கையுறை. வலது கையுறை.
கதவு தானாக மூடியது, மெதுவாக,
நூலகக் கதவுகளுக்குத் தெரிந்த விதத்தில்.

டிர்க் தொடர்ந்தார். அதுவும் விதிப்படியே.
ஒருமுறை இருந்த கோரம்
யாராவது கேட்கும்வரை இருப்பதாகவே கொள்ளப்படும்.
பதினொன்று, உ.
திருத்தப் பிரதியைத் தட்டச்சு செய்தவள் நான்.
அறையில் எத்தனை பேருக்கு அது நினைவிருந்ததோ.

ஆறு ஆண்டுகள்
மற்றவர் சொன்னதை எழுத மட்டும் இருந்த கை
பென்சிலோடு மேலே போயிற்று.

'7.31. செயலாளர் கேட்டதன்பேரில்
தலை எண்ணப்பட்டது. இருபது.
கோரமின்மையால் நான்காம் பொருள் ஒத்திவைப்பு.'
என்னைப் படர்க்கையில் எழுதுவது புதிதல்ல.
அவள் ஏதோ செய்தாள் என்று எழுதுவதுதான்.

நிறுத்துமிடத்தில் லூபா
வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
'கோரீன் சொல்வதில் பாதி சரி' என்றார்.
மூச்சு வெள்ளையாக நின்றது.
'மே மாதம் முப்பது பேர் வருவார்கள். கலைத்துவிடுவார்கள்.'
அதுவரை? என்றேன்.
வண்டி இரண்டாம் முயற்சியில் கிளம்பியது.
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி,
'செவ்வாய். மதியம்' என்றார்.
'சாப்பாடு நீயே கொண்டு வா.'